ஷியாமளா மாமி காசியில் விட்டவை

நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்கு முன்னால் ஷியாமளா மாமி மணி கேட்பார். "மணி என்ன ஆறது?" என்று பேச்சோடு பேச்சாகத்தான் கேட்பார். எங்கள் கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஜன்னல் வெளிச்சம் அதன் கண்ணாடியில் பட்டு மினுங்கும் என்பதால் முள்ளைப் பார்க்கக் கழுத்தைக் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருக்கும். அந்த நேரம் மாமிக்குப் போதும். இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கைப்பிடிகளில் ஊன்றி, மூச்சை இழுத்து நிறுத்தி, தலையை முன்னால் தள்ளி, ஒரே வீச்சில் மேலே வந்துவிடுவார். எல்லோரும் திரும்பும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்பார். "ஏழாயிடுத்தா! கிளம்பறேன்."

நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. மற்றவர்கள் பார்க்காத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பாதி எழுந்த நிலையில் மாமியின் கண் என் கண்ணைச் சந்தித்தது. அன்றிலிருந்து மணியை என் பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார். "ஜெயந்த், மணி என்ன ஆறது?" அதற்குப் பிறகு நானும் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டியதாயிற்று.

கல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வீடு அது. கீழே வீட்டுக்காரர்கள், வங்காளிகள். நடுமாடியில் அப்பா, அம்மா, நான். அப்பா துறைமுகத்தில் அதிகாரியாக மாற்றலாகி வந்தவர், எங்களுக்குத் திருநெல்வேலி. மேல்மாடியில் ஷியாமளா மாமி தனியாக இருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் சுருக்கெழுத்தும் டைப்பும் படித்துவிட்டு கல்கத்தாவுக்கு ரயிலேறிய பெண்களில் அவர் ஒருவர். அலிப்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கடைசிவரை ஸ்டெனோவாக இருந்து தொண்ணூற்று நாலில் ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக்காரர்களுக்கு அவர் ஷியாமளாதி, அதாவது ஷியாமளா அக்கா. தமிழர்களுக்கு மாமி. "மாமா இல்லாத மாமி. நிம்மதியான போஸ்ட்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

தினமும் தானே போய் லேக் மார்க்கெட்டில் காய் வாங்கினார். மாலையில் ஏரிக்கரையில் நடந்தார். வங்காளப் பத்திரிகையையும் ஆங்கிலப் பத்திரிகையையும் முழுக்கப் படித்துவிட்டு, அரசாங்கத்தை இரண்டு மொழிகளிலும் திட்டினார். அவர் பயந்த மனிதர் ஒருவர்தான்: தம்பி திருவேங்கடம். கோயம்புத்தூரில் இருந்த அவர் கெட்டவர் இல்லை. அக்கா மேல் உயிர். அதனால்தான் கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் அக்காவுக்காகச் சொல்லி வைத்திருந்தார். எங்கள் கூடத்தில் வைத்தே இருவருக்கும் ஒப்பந்தம் ஆயிற்று.

"மாடி ஏறி இறங்கி, உன் வேலையை நீயே பண்ணிக்கற வரைக்கும் இங்கே இரு. ஒருத்தர் கை வேணும்னு ஆச்சுன்னா என்னோட கிளம்பிடணும். சரியா அக்கா?"

"சரிடா. ஆனா அங்கே எட்டு மணிக்கு விளக்கை அணைச்சுடுவாளாமே. நான் என்ன கோழியா?"

ஒவ்வொரு தை மாதமும் திருவேங்கடம் வருவார். கூடவே ஒரு காசி கோஷ்டி வரும். கல்கத்தாவில் வீடு இருக்கிற தமிழர்களுக்கு இது எழுதாத விதி. தெற்கிலிருந்து காசி, கயா போகிற உறவினர்கள் எல்லோரும் இங்கே இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். ஹிந்தி தெரிந்த ஒருவர் துணைக்கும் போக வேண்டும். அந்தத் துணை மாமிதான். திருவேங்கடம் போகமாட்டார். "எனக்குக் காசி ஒரு தடவை போதும்" என்று பெண்களை ரயிலேற்றிவிட்டு அக்கா வீட்டில் தங்கிக்கொள்வார். உண்மையில் அது சோதனை நாள். அடுக்களையைத் திறந்து பார்ப்பார், குளியலறைத் தரையைத் தேய்த்துப் பார்ப்பார், பிறகு கீழே வந்து என் அம்மாவிடம் கேட்பார்.

"கோமதியம்மா, நீங்க பொய் சொல்ல மாட்டேள். அக்கா எல்லாம் தானே பண்ணிக்கறாளா? உங்களை எதுக்காவது கூப்பிடறாளா?"

"ஒரு செம்பு தண்ணி எடுத்துத் தான்னு கேட்டதில்ல சார். எங்களாலதான் அவங்களுக்குத் தொந்தரவு."

அது நிஜம். அம்மாவுக்குப் பொய் வராது என்பது மாமிக்கும் தெரியும். அதனால் அம்மா உண்மையைச் சொல்வதற்கு வசதியாக, மாமி யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

காசிக்குப் போனால் நமக்குப் பிடித்த சாப்பாட்டுப் பொருள் ஒன்றைக் கங்கையில் விட்டுவிட்டு வர வேண்டும், பிறகு வாழ்நாளில் தொடக்கூடாது என்பது வழக்கம். எல்லோரும் ஒருமுறை போவார்கள், ஒன்றை விடுவார்கள். "முக்கால்வாசிப் பேர் பாகற்காயைத்தான் விடுவா. கங்கைக்குக் கசப்பு பிடிக்கும்னு நினைப்பு" என்பார் மாமி. அவர் முதல் தடவை விட்டது அத்திப்பழம். ஆனால் வருஷா வருஷம் துணைக்குப் போகிறவர் எதை விடுவது? தொண்ணூற்றேழில் திரும்பி வந்தபோது மாமி படியேறி வந்து, எங்கள் வாசலில் நின்று மூச்சு வாங்கியபடி, "இந்தத் தடவை உளுந்தை விட்டுட்டேன் கோமதி" என்றார்.

"ஐயய்யோ, அப்போ இட்லி?"

"இட்லியும் போச்சு, தோசையும் போச்சு. எத்தனை நாள்தான் திங்கறது?"

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எங்கள் தலைக்கு மேல் மாமியின் ஆட்டுக்கல் உருளும் சத்தம் கேட்கும். யோசித்துப் பார்த்தால், அந்தச் சத்தம் முந்தின வருஷத் துர்கா பூஜைக்கு முன்பே நின்றுபோயிருந்தது.

இரண்டு வருஷம் கழித்துத் தேங்காய், சேனை, பூசணி மூன்றையும் ஒன்றாக விட்டார். அம்மாவுக்கு மாமி மேல் பக்தியே வந்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். லேக் மார்க்கெட் மளிகைக்கடைக்காரர்கூட மாமியைப் பார்த்தால் கைகூப்பினார். எல்லோர் கண்ணுக்கும் மாமி ஆரோக்கியத்தின் வடிவமாகத்தான் தெரிந்தார். சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது, தொப்பை கிடையாது.

"அந்த ரகசியத்தை எனக்கும் சொல்லுங்க மாமி. நான் காத்தைக் குடிச்சாலே குண்டாயிருதேன்."

"நீயும் என்னோட காசிக்கு வா. வருஷத்துக்கு ஒண்ணை விடு. கடைசியா உன் வீட்டுக்காரரை விட்டுடலாம்."

அப்பா பத்திரிகைக்குப் பின்னால் இருமினார்.

மாமி மெலிந்தது வயிற்றிலிருந்து அல்ல. முதலில் மேல்கை போயிற்று. ரவிக்கையின் கை காற்றாடத் தொங்கியது, பிடித்துத் தைத்தார், மறுபடி தொங்கியது. வளையல்கள் கழன்று விழாமலிருக்க நூல் சுற்றினார். கெண்டைக்கால் இருந்த இடத்தில் தோல் மட்டும் இருந்தது. பிறகு உயரம் குறைந்தது. அவருடைய பால்கனியில் கொடிக்கயிறு ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஓர் ஆணி கீழே இறங்கியது. புடவை பாதத்துக்குக் கீழே புரள ஆரம்பித்தது. முதுகு மேலே உருண்டு, முகம் தரையை நோக்கிச் சாய்ந்ததால், யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் கண்ணை மட்டும் மேலே தூக்கினார். அதனால் எப்போதும் ஏதோ சந்தேகத்துடன் பார்ப்பதுபோல இருந்தது. படியேறும்போது கீழ்வீட்டு வாசலில் நின்று வங்காளத்தில் கொஞ்சநேரம் பேசுவார். எங்கள் வாசலில் நின்று தமிழில் கொஞ்சநேரம் பேசுவார். பேச்சு முடிவதற்குள் மூச்சு திரும்பிவிடும். "ஷியாமளாதி எவ்வளவு கலகலப்பு!" என்பார் வீட்டுக்கார அம்மா.

ஒருமுறை, தெருவில் துர்கா பூஜை நடத்தும் கிளப்பில் இலவசமாக எலும்பு பார்க்கும் முகாம் போட்டார்கள். குதிகாலை ஒரு இயந்திரத்தில் வைத்தால் எலும்பின் பலம் தெரியுமாம். அம்மா கூப்பிட்டாள்.

"எலும்பு உள்ளேதானே இருக்கு? இருக்கட்டும். வெளில வந்தா பாத்துக்கலாம்" என்றார் மாமி.

கல்கத்தாவின் மேல்மாடிக்காரர்களைப் போல மாமியிடமும் கயிற்றில் கட்டிய ஒரு பை உண்டு. கீழே தெருவில் பால்காரரும் காய்காரரும் கூவினால் பால்கனியிலிருந்து பை இறங்கும். சாமான் விழுந்ததும் மேலே ஏறும். நான் படிக்கும் மேஜை ஜன்னலோரம் இருந்தது. பை என் முகத்துக்கு நேரே போய்வரும். முன்பு அது நிறைந்து, சுவரில் இடித்துக்கொண்டு, விறுவிறுவென்று ஏறும். பிறகு நின்று நின்று ஏற ஆரம்பித்தது. என் ஜன்னலுக்கு எதிரே வந்து, அங்கேயே தொங்கிக்கொண்டு, மெதுவாகச் சுற்றும். மேலே மாமி கயிற்றைக் கம்பியில் சுற்றி இளைப்பாறுகிறார் என்று எனக்குத் தெரியும். புத்தகத்தில் நான் வரியை விட்டுவிடுவேன். பை மறைந்த பிறகுதான் அடுத்த வரி.

இரண்டாயிரத்து ஒன்றில், பூஜை விடுமுறை முடிந்த ஒரு காலை, பால் பாக்கெட்டுகளோடு ஏறிக்கொண்டிருந்த பை என் ஜன்னலைத் தாண்டியது. அப்புறம் திரும்பி வந்தது, விழுந்துகொண்டு. கயிறும் பின்னாலேயே வந்தது. சந்தெல்லாம் பால். எங்கிருந்தோ நாய்கள் வந்துவிட்டன.

கீழ்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து சிரித்தார். "ஷியாமளாதி, இன்னிக்கு நாய்களுக்கு பூஜையா?"

மேலேயிருந்து மாமியும் சிரித்தார். "ஈரக் கயிறு, வழுக்கிடுத்து!"

கயிறு காய்ந்துதான் இருந்தது. மழை ஓய்ந்து நாளாகியிருந்தது. நான் பையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். மாமி கதவைத் திறந்து, கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றார். பையை வாங்க வேண்டிவந்தபோது பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்திருந்தது.

"நாளைலேர்ந்து பால் நான் கொண்டுவந்து தரேன் மாமி."

"இன்னிக்குப் பால். நாளைக்கு என்னைத் தூக்கிண்டு ஏறுவியா?"

"யாருக்கும் தெரியாம வெச்சுட்டுப் போறேன்."

"உங்கம்மாவுக்குத் தெரியும். தையில அவன் வந்து உங்கம்மாவைக் கேப்பான். அவ பாவம், பொய் சொல்லி நாக்கு குழறும். போடா, போய்ப் படி."

அந்தத் தை மாதம் திருவேங்கடம் வந்தார். அக்காவுக்குப் பின்னால் நின்று மாடி ஏறிப் பார்த்தார். மாமி இரண்டு வாசலிலும் நின்று பேசி, மேலே போய்ச் சேர்ந்தார். அந்த வருஷக் கோஷ்டியில் மாமியின் பெரியம்மா பெண் பட்டுவும் இருந்தார். பெண்கள் எல்லோரும் காசிக்குப் போய்த் திரும்பினார்கள். மறுநாள் எங்கள் கூடத்தில் காபி கலந்து எல்லோருக்கும் கொடுத்தாள் அம்மா. மாமி டம்ளரைக் கையால் மறித்தார்.

"எனக்கு வேண்டாம் கோமதி. பாலை விட்டுட்டேன்."

"பாலையேவா?"

"பால்னா தயிர், மோர் எல்லாம் சேர்த்திதான். பருப்பையும் விட்டாச்சு."

திருவேங்கடம் எழுந்து, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அக்காவின் காலில் விழுந்து சேவித்தார். "அப்பாவுக்குக்கூட இந்த வைராக்கியம் வரலை அக்கா" என்றார். பட்டு மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, தன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். "மணி என்ன ஆறது, ஜெயந்த்?" என்றார் மாமி.

அதற்குப் பிறகு மாமியின் சாப்பாடு சோறு, கொஞ்சம் புளித்தண்ணீர் ரசம், ஏதாவது ஒரு கீரை. மேலே குக்கர் விசில் அடிப்பதும் நின்றது. பை இறங்குவது நின்றுவிடவில்லை. தினமும் இறங்கியது, நாலு பேர் பார்க்கவாவது. ஆனால் ஏறும்போது காற்றடித்தால் பக்கவாட்டில் பறந்தது. ஒரு கட்டுக் கீரையும் ஓர் எலுமிச்சம்பழமும் இருந்தால் அதிகம். அம்மா ஜன்னல் வழியே பார்த்து, "ரிஷி மாதிரி வாழ்க்கை" என்பாள். ஏரிக்கரை நடை போயிற்று. பிறகு லேக் மார்க்கெட் போயிற்று. எங்கள் வீடுவரை இறங்குவது மட்டும் மிச்சமிருந்தது.

இரண்டாயிரத்து நாலு தை. திருவேங்கடத்துக்கும் முழங்கால் வலி வந்திருந்தது. எங்கள் வீட்டின் ஒரே கைப்பிடி நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிட்டார். மாமிக்குக் கிடைத்தது கைப்பிடி இல்லாத ஸ்டீல் நாற்காலி. பேச்சு நன்றாகத்தான் போயிற்று. புது செல்போனை அக்காவிடம் காட்டினார் திருவேங்கடம்.

"இதுல எல்லாம் இருக்கு. அலாரம்கூட இருக்கு."

"உன்னை எழுப்ப அலாரம் போறுமா? அம்மா தண்ணி தெளிச்சா, அதுக்கே எழுந்துக்க மாட்டே."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் மாமி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "மணி என்ன ஆறது, ஜெயந்த்?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் பார்த்தார்கள். திருவேங்கடம் கையிலிருந்த போனைப் பார்த்து, "ஆறரை" என்று சொல்லிவிட்டு, அப்படியே கண்ணைத் தூக்கினார். எதிரே அக்கா பாதி எழுந்த நிலையில், ஒரு கையால் எங்கள் சாப்பாட்டு மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை முழங்காலில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?" என்றார் திருவேங்கடம்.

"என்னடா பாக்கறே? பொண்ணு பாக்கற மாதிரி" என்று மாமி மேஜையிலிருந்து கையை எடுத்தார். முழங்காலிலிருந்தும் எடுத்தார். எதையும் பிடிக்காமல் நிமிர்ந்தார். ஒரு கணம் நின்றார் என்று நான் சாட்சி சொல்வேன். பிறகு முருங்கைக்காயை ஒடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. மாமி கத்தவில்லை. சுவரோடு சரிந்து தரையில் அமர்ந்து, "ஒண்ணுமில்லை, உக்காந்துக்கறேன்" என்றார். வலதுகால் வேறு யாருடையதோ போலத் திரும்பிக் கிடந்தது.

ஸ்டீல் நாற்காலியில் உட்காரவைத்து நானும் கீழ்வீட்டுக்காரரும் படியிறக்கினோம். எனக்குத் தெரிந்தது நாற்காலியின் கனம்தான்.

நர்சிங்ஹோம் டாக்டர் நடுவயது வங்காளி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திருவேங்கடத்திடம் ஆங்கிலத்தில் பேசினார். இவர் விழுந்து எலும்பு உடையவில்லை, எலும்பு உடைந்து விழுந்திருக்கிறார் என்றார். முதுகெலும்பிலும் பழைய நசுங்கல்கள் இருக்கின்றன, அந்த வலியோடு வருஷக்கணக்கில் நடமாடியிருக்கிறார் என்றார். எலும்பு மட்டுமாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். சதை இழுக்க இழுக்கத்தான் எலும்பு கெட்டிப்படும். எலும்பு கெட்டியாக இருந்தால்தான் சதைக்கு வேலை. இங்கே ஒன்று மெலிய மெலிய மற்றதும் மெலிந்திருக்கிறது. தேநீரில் நனைத்த பிஸ்கட்டில் எப்படி ஆணி அடிப்பது என்று கேட்டார்.

"என்ன சாப்பிடுவார்? மீன் வேண்டாம், நீங்கள் தொடமாட்டீர்கள். பால்? தயிர்? பருப்பு?"

திருவேங்கடம் நிமிர்ந்து உட்கார்ந்து, அக்கா எந்தெந்த வருஷம் எதை எதை விட்டார் என்று சொன்னார். அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை இருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பி வங்காளத்தில் சொன்னார்: "அப்படியானால் உங்கள் கங்கா மாதாவுக்கு இப்போது எலும்பு நல்ல பலமாக இருக்கும்."

"என்ன சொல்றார்?" என்று கேட்டார் திருவேங்கடம்.

"ஜாக்கிரதையா பாத்துக்கணும்னு சொல்றார்" என்றேன்.

தொடையில் கம்பி வைத்தார்கள். மாமியை நிற்கவைக்க ஒரு பெண் தினமும் வந்தாள். இரண்டு அக்குளிலும் பிடித்துத் தூக்குவாள். கால் தரையில் படும். ஆனால் அதில் நிற்பதற்கு எதுவும் இல்லை. கம்பி மட்டும் நின்றது. திருவேங்கடம் இரண்டு பேருக்கும் கோயம்புத்தூருக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். அதை மாமியிடம் சொன்னபோது நான் இருந்தேன். "இங்கேயே விளக்கை அணைக்கறதே இல்லைடா. கண் கூசறது" என்று மட்டும் சொன்னார். குழாய் வழியாகப் பால்போல ஏதோ வெள்ளையாக இறக்கினார்கள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நெஞ்சில் சளி கட்டியது. இருமித் துப்புவதற்குக்கூடச் சதை வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஹோலிக்கு முன்னால் போய்விட்டார். வயதானவர்களுக்கு வருவதுதான் என்றார்கள். மேல்மாடியைக் காலி செய்தபோது பால்கனிக் கம்பியில் கயிறு சுற்றியபடியே இருந்தது.

அடுத்த வருஷம் பட்டு வேறொரு கோஷ்டியோடு காசிக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் இறங்கினார். கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். அம்மாவுக்குப் பேச்சு தானாக மாமியிடம் போய்விட்டது.

"பாலையும் பருப்பையும் கங்கையில விட்டுட்டு வந்தாங்களே. அந்த மனசு யாருக்கு வரும்?"

"யாரு, ஷியாமளாவா?" பட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "கங்கைக்கே அவ வரலையே. படித்துறைக்கு மேலே நின்னு படியெல்லாம் எட்டிப் பார்த்தா. 'இறங்கிடுவேன் பட்டு, ஏறத்தான் முடியாது. நீங்க போயிட்டு வாங்கோ, திருவேங்கடத்துகிட்ட மட்டும் சொல்லிடாதே'ன்னா. நாங்க ஸ்நானம் பண்ணிட்டு வரோம், மேலே ஒரு கடை பெஞ்சில உக்காந்து பால் குடிச்சிண்டிருக்கா. மண்குவளையில, சூடா, ஏடு மிதக்க மிதக்க. குடிச்ச குவளை வேற ரெண்டு பக்கத்துல கிடந்தது."